வீட்டில் தேன், மேடையில் வண்டு

கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு சின்ன டிஜிட்டல் ஆம்ப் மாடலர் பெடல் வாங்கினேன். ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல் மூன்று ஆம்ப்பின் சத்தமும் அதில் உண்டு. வீட்டில் ஹெட்போனில் கேட்டால் ரெக்கார்டிங் மாதிரியே இருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் அங்கிருந்த கிதார் ஆம்ப்பில் செருகினேன். சத்தம் அமுங்கிப்போய் வந்தது. எங்கள் கீபோர்ட் அண்ணன் ‘கேப்’ என்ற ஸ்விட்சை அணைக்கச் சொன்னார், தெளிந்தது. அடுத்து ஒரு கோயில் கொடையில் ஆம்ப் இல்லை, நேராக மைக்செட் மிக்சரில் கொடுத்தோம். டிஸ்டார்ஷனை மிதித்தவுடன் ஒரே வண்டு ரீங்காரம். மைக்செட்காரர் என் சேனலைக் கடைசிவரை ஏற்றவே இல்லை. வால்வு ஆம்ப் இல்லாமல் கதை ஆகாது, பெடலை விற்றுவிடு என்கிறார்கள். விற்றுவிடவா? புளூடூத் ஹெட்போனில் வாசித்தால் கை முந்துகிறது, சத்தம் பிந்துகிறது. அதுவும் இந்தப் பெடலின் கோளாறா?

— வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: விற்க வேண்டாம். கீபோர்ட் அண்ணன் சொன்னது அந்த மண்டபத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. கொடைக்குப் போனபோது அந்த ஸ்விட்ச் அணைந்தபடியே இருந்திருக்கும். அமுங்கிய சத்தத்துக்கும் வண்டுச் சத்தத்துக்கும் காரணம் ஒன்றுதான்.

கிதார் ஆம்ப் என்றால் எல்லோரும் வால்வைப் பற்றியே பேசுவார்கள். சத்தத்தில் பாதியை உருவாக்குவது ஸ்பீக்கர். 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் உண்மையில் ஒரு குறையுள்ள ஸ்பீக்கர். ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் சத்தம் செங்குத்தாக இறங்கிவிடும். அந்தக் குறைதான் டிஸ்டார்ஷனைக் காது தாங்கும்படி ஆக்குகிறது. டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடுவது. வெட்டிய இடத்தில் புதிதாக ஹார்மானிக்ஸ் முளைத்து 10,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். கிதார் ஸ்பீக்கர் அவற்றை விழுங்கிவிடும். மைக்செட் பாக்ஸில் இருக்கும் ஹார்ன் விழுங்காது, வந்ததை வந்தபடியே வெளியே தள்ளும். கொடையில் நீங்கள் கேட்ட வண்டு அதுதான்.

உங்கள் பெடலில் ‘கேப்’ என்று போட்டிருப்பது இந்த ஸ்பீக்கரின் வேலையைச் செய்யும் பகுதி. பெரும்பாலான பெடல்களில் இது ஐ.ஆர். முறையில் இயங்குகிறது. ஸ்டுடியோவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வைத்து, அதன் முன்னால் மைக் வைத்து, எல்லாச் சுருதிகளும் அடங்கிய ஒரு சோதனை ஒலியை அதன் வழியாக அனுப்பி, அந்தப் பெட்டி அதை எப்படி மாற்றுகிறது என்று பதிந்துகொள்கிறார்கள். கிடைப்பது ஒரு குட்டி ஒலிக் கோப்பு. 48,000 சாம்பிள் வேகத்தில் 2,048 சாம்பிள் நீளமுள்ள கோப்பு என்றால் சுமார் 43 மில்லி விநாடிதான் இருக்கும். நீங்கள் மீட்டும் ஒவ்வொரு சுரத்தையும் பெடல் அந்தக் கோப்பின் வழியாக வடித்துக் கொடுக்கிறது. ஸ்பீக்கரோடு மைக்கும், அந்த மைக் வைத்த இடமும் அதற்குள் அடக்கம். வீட்டில் ஹெட்போனில் ரெக்கார்டிங் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மைக் வைத்துப் பதிந்த ஆம்ப்பைத்தானே கேட்கிறீர்கள், வேறு எப்படி இருக்கும்?

இனி விதி சுலபம். ஹெட்போன், மிக்சர், மேடை மானிட்டர், வீட்டு ஸ்டீரியோ எல்லாவற்றுக்கும் கேப் ஆனில் இருக்க வேண்டும். கிதார் ஆம்ப்புக்குப் போனால் அங்கே நிஜமான ஸ்பீக்கர் இருக்கிறது, கேப்பை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் சத்தம் ஒரு ஸ்பீக்கரில் வடிகட்டப்பட்டு மறுபடி இன்னொன்றில் வடிகட்டப்படும். மண்டபத்தில் அமுங்கியது அப்படித்தான். பெடலில் பிரீசெட் சேமிக்க முடியும் என்றால் ஒன்றை மிக்சருக்கும் ஒன்றை ஆம்ப்புக்கும் என்று முன்கூட்டியே செய்து வைத்துவிடுங்கள். மேடையில் குனிந்து குட்டி ஸ்விட்சைத் தேடும் வேலை வேண்டாம்.

ஆம்ப்பில் செருகும்போது இன்னொரு சங்கதியும் உண்டு. முன்னால் இருக்கும் இன்புட்டில் கொடுத்தால், பெடலுக்குள் இருக்கும் ஃபெண்டரின் சத்தம் அந்த ஆம்ப்பின் சொந்த ப்ரீ ஆம்ப்புக்குள் நுழைகிறது. ஓர் ஆம்ப்புக்குள் இன்னோர் ஆம்ப். பின்பக்கம் ‘ரிட்டர்ன்’ என்று ஒரு ஜாக் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கொடுத்தால் ப்ரீ ஆம்ப்பைத் தாண்டி நேராகப் பவர் பகுதிக்குப் போய்விடும். ரிட்டர்ன் இல்லையென்றால், ஆம்ப்பை க்ளீன் சேனலில் வைத்து பேஸையும் ட்ரெபிளையும் நன்றாக இறக்கி, மிட்டை முழுக்க ஏற்றுங்கள். பார்க்க விபரீதமாக இருக்கும். ஃபெண்டர் வகை டோன் சர்க்யூட் இயல்பிலேயே மிட்டைப் பள்ளமாக்கி வைத்திருக்கும். இப்படி வைத்தால்தான் அது ஏறக்குறைய சமநிலைக்கு வரும்.

ஸ்விட்சைச் சரியாகப் போட்ட பிறகும் “வீட்டில் இருந்த சுகம் இல்லையே” என்று நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். அதற்குக் காரணம் உங்கள் காது. 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது: சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடிச்சுருதியும் உச்சச்சுருதியும் குறைவாகவே கேட்கும், நடுச்சுருதிதான் முன்னால் நிற்கும். ராத்திரி வீட்டார் தூங்கிய பிறகு மெல்லிய ஒலியில் உட்கார்ந்து பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டைக் குறைத்து, இனிக்க இனிக்க ஒரு டோன் செய்கிறோம். அதே டோன் மண்டபத்து வால்யூமில் வரும்போது, காது அந்த இரண்டு ஓரங்களையும் முழுசாகக் கேட்க ஆரம்பிக்கிறது. கீழே குழம்பும், மேலே குத்தும். குறைத்து வைத்த மிட்டில்தான் கிதாரின் உயிர் இருக்கிறது. அங்கே கீபோர்டும் பாடகரும் புகுந்துவிடுவார்கள், நீங்கள் காணாமல் போவீர்கள்.

ஆகவே டோனை ஒத்திகையில் செய்யுங்கள். குழு முழுக்க வாசிக்கும்போது, ஒத்திகை அறையின் ஸ்பீக்கரில், கச்சேரி அளவுக்கு வால்யூம் வைத்துச் செய்ய வேண்டும். ஃபெண்டர் மாடலில் ஆரம்பியுங்கள், எல்லா நாபும் பன்னிரண்டு மணியில் நிற்கட்டும். எண்பதுகளின் பாட்டு ஒன்றில் வரும் ஆர்பெஜியோ எதையாவது வாசித்துக்கொண்டே பேஸை ஒன்பது மணிவரை மெதுவாக இறக்குங்கள். ஓரிடத்தில் பேஸ் கிதார் திடீரென்று தெளிவாகக் கேட்கும். அங்கே நிறுத்துங்கள். தனியாகக் கேட்டால் உங்கள் கிதார் இப்போது மெலிந்து இருக்கும், இருக்கட்டும். கிதாரின் ஆறாவது கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே உங்களுக்கு வேலையே இல்லை. லோ கட் வசதி இருந்தால் 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். அடுத்து மிட், கீபோர்ட் பேட் பிடித்திருக்கும்போதும் உங்கள் சுரம் எழுந்து கேட்கும்வரை. ட்ரெபிள் கடைசியில். ஹை கட் இருந்தால் 6,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மிச்சம் மீதி வண்டும் ஓடிவிடும்.

கெயினைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வீட்டில் வைத்திருக்கும் கெயினில் பாதி போதும். கெயின் ஏற ஏற, மெல்ல மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஒரே அளவாகிவிடும். தனியாக வாசிக்கையில் அது நீண்டு ஒலிக்கிறது என்று மகிழ்கிறோம். குழுவோடு சேர்ந்தால் மீட்டும் முதல் அடி மழுங்கி, பின்னால் ஏதோ இரைச்சல் என்றாகிவிடும். மைக்செட்காரர்களுக்கு டிஸ்டார்ஷன் என்றாலே பயம் வந்ததற்கு நம் ஆட்கள்தான் காரணம். ரிவெர்பும் அப்படியே. மண்டபச் சுவரே வேண்டிய எதிரொலியைத் தந்துவிடும்.

ஐ.ஆர். கோப்புகளை இறக்கிக்கொண்டே போகும் பழக்கம் தொற்றினால் வாசிப்பதற்கு நேரம் இருக்காது. ஆனால் ஒன்றுக்கு மூன்று போட்டுக் கேட்பது நல்லது. ஆம்ப் மாடலை மாற்றுவதைவிடக் கேபினெட்டை மாற்றினால்தான் சத்தம் அதிகம் மாறும். மைக்கை ஸ்பீக்கரின் நடுவில் வைத்துப் பதிந்தது கூர்மையாக இருக்கும், விளிம்புப் பக்கம் வைத்தது மிருதுவாக இருக்கும். ஸ்ட்ரைமன் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த இரிடியம் பெடலில் ஆம்ப் மூன்று, ஒவ்வொன்றுக்கும் கேபினெட் மூன்று, அவ்வளவுதான். அதை வைத்தே பலர் காலம் தள்ளுகிறார்கள்.

இனி மிக்சருக்குப் போகும் வழி. மேடையிலிருந்து மிக்சர் தூரத்தில் இருந்தால் சாதாரண கிதார் கேபிளை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. வழியில் இருக்கும் சீரியல் லைட்டின் இரைச்சலையெல்லாம் அது வாரிக்கொண்டு வரும். பெடலின் காலடியிலேயே ஒரு டி.ஐ. பாக்ஸ் வைத்து, அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்புங்கள். மின்சாரம் வேண்டாத பாஸிவ் டி.ஐ. போதும், சொந்தமாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஹம்மென்று இழுத்தால் அதைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காக பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பது மட்டும் வேண்டாம். கிதார் வாசிப்பவர் ஒரு கையில் கம்பியும் உதட்டருகில் மைக்குமாக நிற்பவர், ஷாக் அடித்தால் உயிரே போகும்.

அடாப்டர்: 9 வோல்ட் என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள், மில்லி ஆம்பியரையும் பாருங்கள். பழைய அனலாக் டிஸ்டார்ஷன் பெடலுக்கு 10, 20 மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் மாடலருக்கு அது எங்கே காணும்? இரிடியத்துக்கு 500 வேண்டும். ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் கிளை இழுத்தால் கீச்சென்று மெல்லிய சத்தம் கூடவே வரும். மாடலருக்குத் தனி அடாப்டர் கொடுங்கள்.

வால்வு ஆம்ப் வாங்கச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சின்ன அறையில், முதுகுக்குப் பின்னால் 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப் ஒன்று ஒலிக்கும்போது காற்றே அசைந்து வந்து கால்சட்டையில் படும். எந்தப் பெடலும் ஹெட்போனில் அதைத் தராது. ஆனால் உங்கள் கச்சேரியில் கேட்பவருக்கு அது போய்ச் சேருமா? பெரிய மேடையில் ஆம்ப்பின் முன்னால் ஒரு மைக்கை வைப்பார்கள். 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57தான் இன்றைக்கும் பெரும்பாலும். ஜனங்கள் கேட்பது அந்த மைக் கேட்டதை. பெடல் தருவதும் அதைத்தான். ஏறத்தாழ 30 கிலோ கனக்கும் ட்வின் ரிவெர்பை வேனில் ஏற்றி இறக்கி, வோல்டேஜ் ஏறி இறங்கும் ஜெனரேட்டரில் செருகுவதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன். முதுகுக்குப் பின்னால் ஆம்ப் இல்லாதது வெறிச்சென்று இருந்தால், மைக்செட்காரரிடம் உங்கள் சத்தத்தை மானிட்டரில் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லுங்கள். கச்சேரி தொடங்குமுன் அவரோடு ஒரு டீ குடித்துவிட்டால் இன்னும் நல்லது. க்ளீன் டோனையும் டிஸ்டார்ஷனையும் வாசித்துக் காட்டி, இரண்டும் ஒரே அளவில் இருப்பதை அவர் கண்ணாலேயே மீட்டரில் பார்க்கட்டும். பிறகு சேனலை இறக்க மாட்டார்.

கடைசியாக அந்தப் புளூடூத் சங்கதி. பெடல்மேல் பழி இல்லை. கம்பியை மீட்டி பெடலிலிருந்து சத்தம் வெளியே வரப் பொதுவாகச் சில மில்லி விநாடிகள்தான் ஆகும். காற்றில் ஒலி 1 மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லி விநாடி ஆகிறது. ஆம்ப்பிலிருந்து மூன்றடி தள்ளி நின்று வாசிப்பது போலத்தான். சாதாரணப் புளூடூத் ஹெட்போனோ சத்தத்தைச் சுருக்கி அனுப்பி விரித்துக் கொடுப்பதற்குள் 100, 200 மில்லி விநாடிகளைத் தின்றுவிடும். சினிமா பார்க்க அது போதும், தாளத்தோடு வாசிக்க ஆகாது. சில பெடல்களில் புளூடூத் இருப்பது போனிலிருந்து பாட்டை உள்ளே அனுப்பிக் கூடவே வாசிப்பதற்காக. அந்தத் திசையில் தாமதம் தெரியாது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். நீங்கள் கேட்பதற்கு மட்டும் வயர் உள்ள ஹெட்போனையே பெடலில் செருகுங்கள், கேப் ஸ்விட்சை ஆனில் வைத்து.