யம்த்ரோக் ஏரிக்கு ஒரு பகல்



திபெத்தின் லாசாவிலிருந்து காலையில் கிளம்பினால் யம்த்ரோக் ஏரியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். சாலைவழித் தொலைவு சுமார் 100 கிலோமீட்டர். லாசா 3,650 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். ஏரியோ 4,440 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். அதனால் லாசாவில் சில நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்ட பிறகே இந்தப் பயணம் ஏற்றது.

வழியில் யார்லுங் சாங்போ ஆறு குறுக்கிடும். இந்தியாவுக்குள் நுழைந்து பிரம்மபுத்திராவாகப் பாய்வது இதுதான். ஆற்றைக் கடந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை கம்பா கணவாயை எட்டியதும், மலை இடுக்குகளுக்குள் கைகளை நீட்டிக் கிடக்கும் பச்சை கலந்த நீல நீர் தெரியும். பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்பதால் ஓரிடத்தில் நின்று ஏரி முழுவதையும் பார்த்துவிட முடியாது.

கணவாயில் நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற வரிசையில் மந்திரக் கொடிகள் படபடக்கும். ஆகாயம், காற்று, நெருப்பு, நீர், நிலம் ஆகியவற்றுக்கு அவை அடையாளம். துணியில் அச்சிட்ட வேண்டுதலைக் காற்று எங்கும் கொண்டுசேர்க்கும் என்பது நம்பிக்கை. கணவாயைத் தொட்டதும் திபெத்தியர் "லா கியாலோ" என்று உரக்கக் கூவுவார்கள். தெய்வங்கள் வெல்லட்டும் என்று பொருள். அலங்கரித்த யாக் மாட்டின் மேல் ஏற்றிப் படமெடுக்கக் காசு கேட்பவர்களும் அங்கே உண்டு. அது பிழைப்பு, அதையே பண்பாடு என்று கொள்ள வேண்டியதில்லை.

பண்பாட்டை அறிய ஒரு வீட்டில் வெண்ணெய்த் தேநீர் அருந்துவது மேல். கட்டித் தேயிலையைக் கொதிக்கவைத்த நீரோடு உப்பும் வெண்ணெயும் சேர்த்து, நீண்ட மர உருளையில் கடைந்து எடுப்பார்கள். கடுங்குளிரில் அந்தக் கொழுப்பு உடம்புக்குத் தெம்பு. வறுத்த பார்லி மாவை அதில் பிசைந்தால் சம்பா. அதுவே அன்றாட உணவு. விருந்தாளி ஒரு வாய் குடித்ததும் கிண்ணம் மறுபடி நிரம்பிவிடும். போதும் என்பவர் நிரம்பிய கிண்ணத்தைத் தொடாமல் வைத்திருந்து, விடைபெறும்போது குடிப்பது மரபு.

திபெத்தின் உயிர் இந்த ஏரியில் இருக்கிறது, இது வற்றினால் நாடு வாழாது என்பது பழைய நம்பிக்கை. ஏரிக்கும் கீழே ஓடும் ஆற்றுக்கும் உள்ள 800 மீட்டருக்கும் மேலான உயர வேறுபாட்டைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் திட்டம் வந்தபோது எதிர்ப்பு கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். எதிர்த்தவர்களில் திபெத்தியப் பௌத்தத்தின் உயர் குருவான பத்தாவது பஞ்சன் லாமாவும் ஒருவர். 1989இல் அவர் காலமானார். எதிர்ப்பால் நின்றிருந்த பணி அதன்பின் மீண்டும் தொடர்ந்தது.

ஏரியின் மறுபுறம் உள்ள சம்திங் மடத்தின் தலைமை, தோர்ஜே பக்மோ என்ற பெண் மறுபிறவி மரபுக்கு உரியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கார் மங்கோலியப் படை மடத்தைச் சூறையாட வந்தபோது, தலைவி துறவிகள் அனைவரையும் பன்றிகளாக்கிக் காட்டிக் காப்பாற்றினார் என்று கதை சொல்வார்கள். சீனாவின் பண்பாட்டுப் புரட்சியில் அழிந்து, 1980களில் மீண்டும் எழுந்த மடம் இது. கணவாயிலிருந்து இன்னும் தொலைவு போக வேண்டும் என்பதால், இதையும் பார்க்க நினைப்பவர்கள் லாசாவிலிருந்து விடியும் முன்பே புறப்படுவது நல்லது.