ஒரே வீட்டில் இரண்டு குழம்பு: புலால் குறைப்போருக்கு ஒரு பாடம்

மண்ணூரிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுப்புறங்களிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை வேலை தேடித் தெற்கிலிருந்து வந்தவை. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று ஊர்தான் வேறு. வந்த காரணம் ஒன்றே. வாரத்தில் ஆறு நாள் ஷிப்டு. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது ஞாயிறு ஒரு நாள். அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நாம் வழிபாட்டுக்கும் கூடுகிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு நமக்குச் சிறப்பான நாள் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால் அதே ஞாயிறு காலையில்தான் கறிக்கடை வாசலில் வரிசை நிற்கிறது. ஒரே வீட்டில் ஒருவர் திருநாமம் இட்டுக் கிளம்புகிறார். இன்னொருவர் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்புகிறார். இருவரும் வாசலில் சந்திக்கும்போது முகம் கோணுகிறது.

புலாலைக் குறைக்க வேண்டும், முடிந்தால் விட்டுவிட வேண்டும் என்று மனதில் எண்ணம் கொண்டவர்கள் நம்மில் பலர். வீட்டில் மற்றவர்கள் உண்ணும்போது அதை எப்படிச் செய்வது? இதுவே இன்றைய பாடம்.

துவையல் தவசு காட்டும் வழி

அய்யா வைகுண்டர் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து 1839ஆம் ஆண்டு விடுதலையாகிச் சுவாமிதோப்புக்குத் திரும்பினார். அதன் பின்னர் எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் அவர்கள் கடலோரத்தில் தங்கினார்கள். நாள்தோறும் மும்முறை நீராடினார்கள். உடுதுணியைத் துவைத்து உடுத்தார்கள். சைவ உணவை ஒரு நேரம் மட்டும் உண்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அய்யா தனி ஆட்களைப் பிரித்து அனுப்பவில்லை. குடும்பம் குடும்பமாக அனுப்பினார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒரே ஒழுங்குக்குள் ஒன்றாக நடந்தார்கள். ஒருவர் தவசு இருக்க மற்றவர் அவருக்குப் பணி செய்து களைத்தார் என்று ஆகவில்லை. இரண்டாவது, அந்தத் தவசில் உணவு ஒரு பகுதி மட்டுமே. உடலின் அழுக்கு, உடையின் அழுக்கு, பேச்சிலும் எண்ணத்திலும் உள்ள அழுக்கு ஆகிய எல்லாவற்றையும் துவைப்பதற்காகவே அது துவையல். சட்டியை மட்டும் கழுவிவிட்டு நாவைக் கழுவாதவன் தவசில் பாதியைக்கூடத் தொடவில்லை.

பலியை நிறுத்தியது ஏன்?

அக்காலத்தில் நம் முன்னோர் மாடனுக்கும் காளிக்கும் ஆடும் சேவலும் பலி கொடுத்து வந்தனர். நோய் வந்தால் பலி, பயம் வந்தால் பலி. கூலி வேலை செய்து சேர்த்த காசு கிடாவுக்கும் கோழிக்கும் போனது. அய்யா அதை வேண்டாம் என்றார். உயிரைக் கொன்று தெய்வத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை, பயந்து வாழ வேண்டியதும் இல்லை என்று தெளிவித்தார். நம் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் தர்மச் சாப்பாடு சைவமாகவே சமைக்கப்படுகிறது.

பலியை விட்ட மனம் மெல்ல மெல்லப் புலாலையும் விட எண்ணுவது இயல்பு. ஓர் உயிரின் வலியை நினைத்துப் பார்க்கும் இரக்கம்தான் இரண்டுக்கும் வேர். ஆனால் இரக்கத்தில் பிறந்த விரதம் இரக்கமில்லாத வழியில் நடக்குமானால் அதன் வேர் பட்டுப்போகும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வீட்டில் பிழை செய்தே தெரிந்துகொண்டேன்.

நான் செய்த பிழை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், அய்யா அவதாரத் திருநாள் ஊர்வலத்தில் நாகர்கோவிலிலிருந்து சுவாமிதோப்புக்கு நடந்து சென்றேன். அன்றோடு புலாலை விட்டேன். திரும்பி மண்ணூர் வந்ததும் வீட்டில் சட்டம் போட ஆரம்பித்தேன். எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி அலமாரி. என் மனைவி மீன் குழம்பு வைத்த நாளில் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். மகன் கறி தின்றுவிட்டு அருகில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். அதையெல்லாம் பக்தி என்று நினைத்திருந்தேன். மனைவிக்கோ, ஷிப்டு முடித்து வந்து இரண்டு குழம்பு வைக்கும் வேலை.

ஊரிலிருந்து என் தாயார் வந்திருந்த சமயம், மனைவி எடுத்துக் கொடுத்த கரண்டியை நான் தள்ளிவைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "மக்களே, ஒரு காலத்துல நம்ம ஆளுவ தொட்ட தண்ணிய அவனுவ குடிக்க மாட்டானுவ. இப்ப நீ உன் பெஞ்சாதி தொட்ட கரண்டிய வாங்க மாட்டேங்கிய. அய்யா கிணறு வெட்டுனது எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கிணறு வெட்டியது எதற்கு?

அம்மா சொன்னது சுவாமிதோப்பு முத்திரிக் கிணறு. திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோர் பொதுக் கிணற்றில் நீர் எடுக்க முடியாது. உயர்ந்தோர் எனப்பட்டவர்களிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். பெண்கள் மேலாடை அணியத் தடை. அந்த உரிமைக்கான போராட்டம் பல்லாண்டு நடந்து, 1859இல்தான் அரசாணை வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீராடவும் ஒரே பந்தியில் உண்ணவும் வைத்தவர் அய்யா. அவர் உடைத்தெறிந்த பெரும் பொய்யின் பெயர் தீட்டு.

சைவத்தின் பெயரால் அந்தத் தீட்டை நம் அடுக்களைக்குள் திரும்பக் கொண்டுவந்தால் நாம் யாருடைய வழியில் நடக்கிறோம்?

இந்த ஊர்ப் பக்கம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 'சைவர்களுக்கு மட்டும்' என்று சொல்லிச் சென்னையில் எத்தனை வீட்டுக் கதவுகள் மூடப்படுகின்றன! கதவுக்கு வெளியே நின்றபோது நமக்கு எவ்வளவு வலித்தது! இன்று பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் கருவாடு வறுத்தால் நாம் முகம் சுளிக்கலாமா? 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார் புலால் மறுப்பில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் பசித்து வந்தவர் புலால் உண்பவரா என்று பார்த்து அங்கே சோறு மறுக்கப்படவில்லை. விரதம் நம் இலையோடு நிற்கட்டும். அடுத்தவர் இலையை எட்டிப் பார்க்க வேண்டாம்.

எடுத்த இடத்தில் எதை வைப்பது?

என் பிழை இதோடு முடியவில்லை. என்னைப் பார்த்து என் மகளும் புலாலை விட்டாள். பதினாறு வயது. கறியையும் முட்டையையும் விட்டவள், அதற்கு ஈடாக எதையும் சேர்க்கவில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரசம் சோறு, அப்பளம், ஊறுகாய், நாலு வேளை டீ. ஆறு மாதத்தில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8.9. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அவ்வளவுதான். இரும்புச் சத்து மாத்திரையும் நல்ல சாப்பாடும் சேர்ந்து அவளைத் தேற்றப் பல மாதம் ஆயிற்று.

கறி உண்ணும் வீடுகளிலும் இந்தக் குறை உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் இந்திய அளவில் 57 விழுக்காடு. தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டுக்கு மேல். எனவே பெண்களும் பிள்ளைகளும் சைவத்துக்கு மாறும் வீட்டில் கீழ்க்காணும் மூன்றையும் மறக்கலாகாது.

முதலாவது புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். முந்நூறு கிராம் அரிசியில் 22 கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஐம்பது கிராம் பருப்பில் 11, ஒரு கைப்பிடி சுண்டலில் 6, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, ஒரு தம்ளர் பாலிலோ தயிரிலோ 6. கூட்டினால் தேவை நிறைவேறும். ஆனால் பருப்பும் சுண்டலும் கடலையும் இல்லாமல் வெறும் ரசம் சோறாக இருந்தால் பாதிகூடத் தேறாது.

இரண்டாவது இரும்புச் சத்து. கீரை, பயறு, கேழ்வரகு, எள் ஆகியவற்றில் உண்டு. ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது தடுக்கும். ஷிப்டு ஆட்களுக்கு இது கடினம்தான். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும்.

மூன்றாவது வைட்டமின் பி12. இது கீரையிலோ பருப்பிலோ இல்லை. பால், தயிர், முட்டையில் உண்டு. இவற்றையும் விடுபவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறை உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்துக் கை கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்ற வேண்டாம்.

படிப்படியாக நடப்போம்

எங்கள் வீட்டில் பிறகு செய்ததைச் சொல்கிறேன். அவரவர் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தனி அலமாரியை எடுத்துவிட்டேன். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு வேண்டிய குழம்பை நானே வைக்கப் பழகினேன். முதல் வாரம் தீயல் கருகிப்போனது, மகன் சிரித்தான், நெடுநாளுக்குப் பின் வீட்டில் கேட்ட சிரிப்பு அது. விரதம் எடுத்தவன் அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வீட்டுப் பெண்ணின் உழைப்பைப் பலியாக வாங்கி நடத்துவது விரதம் ஆகாது.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு சைவக் குழம்பு, வேண்டியவர்களுக்கு ஓரமாக ஒரு மீன் பொரியல் என்று முறையை மாற்றினோம். முன்பு கறிதான் நடுவில் இருந்தது. இப்போது அவியல், எரிசேரி, பயறுத் துவரன், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நடுவுக்கு வந்துவிட்டன. ருசி இருந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நாள்களைப் பேசி முடிவு செய்தோம், நான் விதிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும், முதல் ஞாயிறும், திருஏடு வாசிப்பு நாள்களும், திருவிழாக் கொடியேறி இறங்கும் வரையிலும் வீடு முழுவதும் சைவம். இந்தப் பகுதி மக்கள் புரட்டாசி மாதம் முழுவதும் கவிச்சியைத் தொடுவதில்லை. மணலி புதுநகர் தர்மபதித் திருவிழாவும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான் வருகிறது. ஆகவே அந்த மாதத்தையும் சேர்த்துக்கொண்டோம். ஊரே சேர்ந்து இருக்கும்போது பிள்ளைகளுக்கும் சிரமம் தெரிவதில்லை.

இன்றும் எங்கள் வீடு முழுச் சைவ வீடு அல்ல. வாரத்தில் நான்கு நாள் இருந்த புலால் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. மகன் கம்பெனி கேண்டீனில் கோழி சாப்பிடுகிறான். வீட்டில் வந்து மறைக்காமல் சொல்கிறான். முன்பு என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பொய்யை விட்டது நான் கறியை விட்டதற்குக் குறைந்ததன்று. மனைவி, "உங்களுக்காக விடமாட்டேன், எனக்குத் தோணும்போது விடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அது சரியான பேச்சு என்றே இப்போது எனக்குப் படுகிறது.

அன்பர்களே, தர்மம் எளியவரைக் காப்பது. ஆடும் கோழியும் வாயில்லாத எளிய உயிர்கள். அதே வீட்டில் களைத்து வந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணும், வளரும் பிள்ளையும், நம்மை அண்டியிருக்கும் முதியவரும் எளியவர்களே. இவர்களில் ஒருவரைக் காக்க இன்னொருவரை வதைக்காத வழியைத் தேடி நடப்போம். அய்யா துணை நிற்பார்.

சிந்திக்க:

1. என் விரதத்தால் என் வீட்டில் யாருக்கு வேலை கூடியிருக்கிறது? அதில் எதை நான் ஏற்றுக்கொள்ளலாம்?

2. புலால் உண்பவரை நான் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறேன்? அந்தச் சொல்லை அவர் முன்னால் சொல்வேனா?

3. நான் விட்ட உணவுக்கு ஈடாக என் பிள்ளைகளின் இலையில் எதை வைத்திருக்கிறேன்?

4. அடுத்த முதல் ஞாயிறுக்கு வீட்டார் எல்லோரும் விரும்பி உண்ணும் ஒரு சைவச் சமையலை நானே செய்ய முடியுமா?

அய்யா உண்டு.