நாசிக்கா, நந்தி மலையா?

நண்பர்களோடு ஒயின் சுவைக்கப் பழகலாம் என்று ஒரு சனி, ஞாயிறை ஒதுக்குபவர்கள் முன் இரண்டு இடங்கள் நிற்கின்றன: பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம், மகாராஷ்டிரத்தின் நாசிக். ஊர் சுற்றத்தான் போகிறீர்கள் என்றால் எங்கு போனாலும் சரி. கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நந்தி மலைப் பக்கம் போவதில் அலைச்சல் குறைவு. சென்னையில் காலையில் வந்தே பாரத் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் பெங்களூரு. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் தொட்டபள்ளாபுரம். கன்வல் குரோவர் 1988இல் தொடங்கி, இன்று குரோவர் ஜம்பா என்று வழங்கும் ஆலை அங்கே இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போனால் கொடியையும் தொட்டியையும் ஓக் பீப்பாயையும் காட்டிவிட்டு, சில வகைகளைச் சுவைக்கத் தருவார்கள். ஒயின் எப்படி உருவாகிறது என்பது அரை நாளில் புரிந்துவிடும். ஆனால் நாக்குக்குக் கிடைப்பது ஒரே ஆலையின் கைப்பக்குவம்.

நாசிக்கின் பலம் இங்கேதான். மும்பையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் சாலைப் பயணம். கங்காபூர் அணையைச் சுற்றி சூலா, யார்க், சோமா என்று ஆலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலாவின் முதல் ஒயின் 2000இல் வந்தது. சுற்றுலாக் கூட்டம் மொய்ப்பதும் அங்கேதான். அதனால் சூலாவோடு நின்றுவிடாதீர்கள். ஒரு ஆலையில் செனின் பிளாங்க் சுவைத்தால், அதே திராட்சையில் செய்ததை இன்னொரு ஆலையிலும் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். பழம் ஒன்றாக இருந்தும் ஒன்றில் புளிப்பு தூக்கலாகவும் மற்றொன்றில் இனிப்பு மிஞ்சியும் இருக்கலாம். ஏன் என்று அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். நாக்கு பழகுவது இந்த ஒப்பீட்டில்தான். ஒரே இடத்தில் பத்து வகை குடிப்பதால் அல்ல.

எங்கே போனாலும் வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்கு வாருங்கள். சிவப்பு ஒயின் தோலோடு சேர்த்து நொதிக்கவைக்கப்படுவதால், கொட்டைப்பாக்கை மென்றது போல ஈறில் ஒரு துவர்ப்பு பிடிக்கும். அதற்குப் பின் மென்மையான வெள்ளை ஒயினின் மணம் எடுபடாது. கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறை வாயில் உருட்டி, துப்பிவிடலாம். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வாசனைத் திரவியம் மட்டும் பூசிக்கொண்டு போக வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் அது கெடுத்துவிடும்.

காலமும் முக்கியம். இந்த இரண்டு வட்டாரங்களிலும் ஒயின் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. கொடியிலிருந்து ஒரு பழம் தின்னக் கிடைத்தால் விடாதீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பழகிய நமக்கு அதன் சிறிய உருவமும் தடித்த தோலும் கூடுதல் இனிப்பும் புதிதாக இருக்கும். மழைக்காலத்தில் போனால் பச்சை உண்டு, பழம் இல்லை.

என் தீர்ப்பு இது: இரண்டே நாள்தான் என்றால் நந்தி மலை; வெள்ளிக்கிழமையும் விடுப்புக் கிடைத்தால் நாசிக். 21 வயது நிறைந்தவர்கள் மட்டும் போங்கள். ஓட்டுநரோடு வண்டி அமர்த்திக்கொள்ளுங்கள். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம்.