நிழலில் வாழும் மூலக்கூறுகள்

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி வெறுமையானது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அங்கே வாயுவும் மிக நுண்ணிய தூசும் மேகங்களாகப் பரவிக் கிடக்கின்றன. அம்மேகங்களில் ஹைட்ரஜன் மூலக்கூறு இருப்பதை 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் காருத்தர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தார். தாம் அமைத்த புற ஊதாக் கருவியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பி அவர் இதனைக் கண்டார். அதே ஆண்டில் கார்பன் மோனாக்சைடும் கண்டறியப்பட்டது.

மூலக்கூறு என்பது அணுக்கள் கைகோத்து நிற்கும் நிலை. ஹைட்ரஜன், நீர் போன்றவற்றின் பிணைப்பைப் பிரிக்க, நம் கண் காணும் ஒளியின் ஆற்றல் போதாது. ஊதா நிறத்திற்கு அப்பாலுள்ள புற ஊதாக் கதிருக்கு அந்த ஆற்றல் உண்டு. சூரியனைவிட மிகுந்த வெப்பமுடைய பெரிய விண்மீன்கள் இக்கதிரை ஏராளமாகப் பொழிகின்றன.

ஹைட்ரஜன் மூலக்கூறு உடைவது எவ்வாறு? 111 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள சில குறிப்பிட்ட கதிர்களை அது விழுங்குகிறது. (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர்.) உடனே அதன் எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குச் செல்கிறது. அது கீழே இறங்கும்போது, ஏறத்தாழப் பத்தில் ஒரு முறை, அணுக்கள் இரண்டும் பிரிந்து ஓடிவிடுகின்றன. மறைப்பு ஏதுமின்றி இருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு சில நூறு ஆண்டுகளே நிலைக்கும். விண்வெளியின் கணக்கில் இது கண் இமைக்கும் நேரமே!

அப்படியானால் மூலக்கூறுகள் இன்னும் எஞ்சியிருப்பது எப்படி? நிழலால்தான். தூசு கதிரைத் தடுக்கிறது. மேலும், மேகத்தின் ஓரத்திலுள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகள் தம்மை உடைக்கும் கதிர்களைத் தாமே விழுங்கிவிடுவதால் உள்ளே இருப்பவை தப்புகின்றன. தோட்டத்தின் ஓரத்துச் சவுக்கு மரங்கள் காற்றைத் தாங்கி, நடுவிலுள்ள வாழைகளைக் காப்பது போன்றது இது. பிரிந்த அணுக்களும் வீணாவதில்லை. தூசுத் துகளின்மேல் ஒட்டி, ஒன்றையொன்று சந்தித்து, மீண்டும் மூலக்கூறாகின்றன.

இந்த உடைவையும் இணைவையும் ஓரியன் நெபுலாவில் காணலாம். அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அங்கே ஓர் இளம் விண்மீனைச் சுற்றித் தட்டுப்போல் சுழலும் வாயுவையும் தூசியையும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் ஆராய்ந்தவர்கள் 2024இல் வியப்பூட்டும் செய்தியை வெளியிட்டனர். அண்டையிலுள்ள பெரிய விண்மீன்களின் புற ஊதாக் கதிர், பூமியின் கடல்கள் அனைத்திலும் உள்ள அளவு நீரை அங்கே மாதந்தோறும் உடைக்கிறதாம்! வெப்பமான வாயுவில் நீர் மீண்டும் மீண்டும் உருவாகியும் வருகிறதாம். நம் கடல்நீரின் ஒரு பகுதியும் முன்னொரு காலத்தில் இவ்வாறு உடைந்து உருவானதாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

உடைப்பது ஒளி, காப்பதும் கூட்டுவதும் தூசு. நாம் நாள்தோறும் பெருக்கித் தள்ளும் தூசுக்கு விண்வெளியில் இத்தனை பெரிய பணி உண்டென்பதை எண்ணி வியக்கிறோம்.