விண்ணகம் யாவர்க்கும்

நுழையும்முன்

விண்வெளியை நேரில் கண்டவர் மிகச் சிலர். அவர்கள் சொல்லக் கேட்டவர் பலர். கேட்பதற்கும் காண்பதற்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்க முயலும் தொழில்நுட்பமே மெய்நிகர் உண்மை. அஃது இயங்கும் முறையையும், கரிசல் நிலத்து மாணவர்வரை அது சென்றுசேர வேண்டியதன் தேவையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சென்று காணாத வானம்

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாடல் புறநானூற்றில் முப்பதாவதாக அமைந்துள்ளது. ஞாயிறு செல்லும் வழி, காற்று இயங்கும் திசை, பற்றுக்கோடின்றி நிற்கும் வானவெளி ஆகியவற்றை நேரில் போய் அளவிட்டு வந்தவரைப்போல விளக்கும் அறிஞர் அக்காலத்தில் இருந்தனர் என அப்பாடல் தெரிவிக்கிறது. அவர்கள் அங்குச் சென்றவர் அல்லர். உற்றுநோக்கியும் எண்ணிப்பார்த்தும் அறிந்தவர்கள்.

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் 108 நிமிடப் பயணத்தில் புவியைச் சுற்றி வந்தபோது, மனிதன் உண்மையாகவே அங்குச் சென்றான். 1984 ஏப்ரல் 3ஆம் நாள் இராகேஷ் சர்மா விண்ணுக்குச் சென்ற முதல் இந்தியரானார். 41 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 25ஆம் நாள் புறப்பட்ட சுபான்ஷு சுக்லா, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் கால்பதித்த முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். ஆயினும், இன்றுவரை விண்வெளிக்குச் சென்றுவந்தோர் ஏறத்தாழ அறுநூற்றுச் சொச்சம் பேரே. எண்ணூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் உலகில் இஃது எத்துணைச் சிறிய எண்ணிக்கை! எஞ்சியோர்க்கு அந்த அனுபவம் எட்டாக்கனியாகவே இருக்கவேண்டுமா என்னும் வினா இங்குத்தான் எழுகிறது.

புவியைக் கண்டவர் பெற்ற மாற்றம்

1968 டிசம்பர் 24ஆம் நாள் நிலவைச் சுற்றிவந்த அப்பல்லோ 8 கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் ஓர் ஒளிப்படம் எடுத்தார். நிலவின் வறண்ட விளிம்புக்கு மேலே நீலப்புவி எழுகின்ற அக்காட்சி, உலகெங்கும் சுற்றுச்சூழல் குறித்த சிந்தனையைத் தூண்டியது. நிலவைக் காணச் சென்றவர்கள் புவியைக் கண்டுவந்தனர் எனலாம்.

விண்வெளி வீரர் பலரும் இத்தகைய மனமாற்றத்தைப் பதிவு செய்துள்ளனர். நிலப்படத்தில் நாம் வரைந்துள்ள எல்லைக்கோடுகள் பகலொளியில் அவர்களுக்குப் புலப்படுவதில்லை. உயிர்களையெல்லாம் காக்கும் வளிமண்டலம் ஒரு மெல்லிய நீலக்கோடாக மட்டுமே தெரிகிறது. இந்த உணர்வுக்கு ஃபிராங்க் ஒயிட் என்னும் எழுத்தாளர் 'ஓவர்வியூ எஃபெக்ட்' எனப் பெயரிட்டு, 1987இல் நூல் ஒன்றை வெளியிட்டார். தமிழில் இதனை 'முழுநோக்கு விளைவு' எனலாம். விண்வெளி அனுபவத்தின் உயிர்ப்பகுதி இதுவே. ஏவூர்தியின் அதிர்வைக்காட்டிலும், தன் உலகத்தை ஒருசேரக் காணும் அந்தப் பார்வையே மனிதரை மாற்றுகிறது. ஆகவே, அந்தப் பார்வையைப் பிறர்க்கும் வழங்க இயலுமானால் விண்வெளியின் பெரும்பயன் அவர்களையும் சென்றடையும்.

மெய்நிகர் உண்மை இயங்கும் முறை

நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக்கும்போது ஆழமும் தொலைவும் புலனாகின்றன. 1838ஆம் ஆண்டிலேயே சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர், இரு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டி இவ்வுண்மையை மெய்ப்பித்தார். 1968இல் அமெரிக்கரான ஐவன் சதர்லேண்ட், தலையில் அணியும் கணினிக் காட்சிக் கருவியை உருவாக்கினார். கூரையிலிருந்து தொங்கவிட்டுத் தாங்கவேண்டிய அளவுக்கு அக்கருவி பருமனாக இருந்தது.

இன்றைய கருவியில் இரு வில்லைகளும், அவற்றுக்குப் பின்னால் ஒரு திரையும் உள்ளன. தலையின் அசைவைக் கண்டறியும் உணரிகளும் அதில் பொருத்தப்பட்டுள்ளன. காண்பவர் தலையைத் திருப்பும் திசைக்கேற்பக் கணினி காட்சியை மாற்றித்தருகிறது. இம்மாற்றம் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்திற்குள் நிகழவேண்டும். காலம் தாழ்ந்தால் மயக்கமும் குமட்டலும் தோன்றக்கூடும். நாற்புறமும் மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் 360 பாகை ஒளிப்படக் கருவிகள் எடுத்த காட்சிகளை இதன்வழிக் காணும்போது, 'படத்தைப் பார்க்கிறோம்' என்னும் எண்ணம் மறைந்து, 'அவ்விடத்தில் இருக்கிறோம்' என்னும் உணர்வு பிறக்கிறது.

இத்தொழில்நுட்பம் விண்வெளி வீரர்க்குப் புதியதன்று. 1993இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுநீக்கச் சென்ற வீரர்களின் பயிற்சியில் நாசா இதனைப் பயன்படுத்தியது. சென்றவர் கண்டதை மற்றவரும் காணச்செய்வது அடுத்த கட்டமாயிற்று. கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் அண்ட் பால் நிறுவனமும் டைம் இதழ் நிறுவனமும் இணைந்து, பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குத் தனிவகை ஒளிப்படக் கருவிகளை அனுப்பின. வீரர்களே அவற்றை இயக்கி, 200 மணி நேரத்திற்கும் மேற்பட்ட காட்சிகளைப் பதிவுசெய்தனர். அவற்றிலிருந்து உருவான 'ஸ்பேஸ் எக்ஸ்ப்ளோரர்ஸ்' என்னும் தொடர் 2021இல் எம்மி விருது பெற்றது. மிதந்தபடி உண்பதும் உடற்பயிற்சி செய்வதும், சாளரத்தின் வழியே புவியை நோக்குவதும் அதில் நம்மருகே நிகழ்வனபோல் தோன்றுகின்றன.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டு விண்வெளி நிலையம் புவிக்கு மேல் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. விரைவில் இயங்குகிறது. புவியை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 90 நிமிடங்கள் போதும். அதிலுள்ளோர் ஒரு நாளில் 16 முறை ஞாயிறு எழுவதைக் காண்பர். கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவை அந்நிலையம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும்.

கரிசல் நிலத்துக்கு வரும் வழி

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், விளாத்திகுளத்தை அடுத்த கரிசல் காட்டில் அமைந்துள்ள ஊர் நாகலாபுரம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, மிளகாய், உளுந்து, கம்பு முதலியன விளையும் மானாவாரி நிலம் அது. அதே மாவட்டத்தின் தென்கடற்கரையில், குலசேகரன்பட்டினத்தில், நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டிய தேவையின்றித் தெற்கு நோக்கி நேராக ஏவ இயலும் என்பதால், சிறிய ஏவூர்திகளுக்கு அவ்விடம் ஏற்றதாகிறது. ஏவூர்திகள் தம் மாவட்டத்திலிருந்தே எழும்போது, கரிசல் நிலத்துப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பவர்களாக மட்டும் நின்றுவிடுவதா, அத்துறைக்குள் நுழைபவர்களாக உயர்வதா என்பது நம்முன் உள்ள வினாவாகும்.

சென்னையிலும் திருச்சிராப்பள்ளியிலும் கோளரங்கங்கள் உள்ளன. எனினும், நாகலாபுரம் போன்ற ஊர்களின் மாணவர்க்கு அவை ஒருநாள் சுற்றுலாவுக்கும் அரியன. மெய்நிகர் உண்மையோ ஒரு பெட்டிக்குள் அடங்கி ஊர்தேடி வரக்கூடியது. 2014இல் கூகுள் நிறுவனம் கட்டித்தாளாலான எளிய காட்சிக்கருவியை அறிமுகம் செய்து, அதன் வரைபடத்தை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. மடித்த அட்டை, இரு வில்லைகள், ஒரு திறன்பேசி ஆகியவையே அதற்குத் தேவை. அட்டையைக் கோடுபார்த்து மடித்துப் பெட்டியாக்குவது, தீப்பெட்டித் தொழிலால் பெயர்பெற்ற கோவில்பட்டி வட்டாரத்திற்குப் பழகிய கைவேலையன்றோ!

எனினும், கருவி மட்டும் வந்தால் போதாது. காட்சியை விளக்கும் குரல் தமிழில் அமையவேண்டும். பல பள்ளிகள் ஒரு கருவித்தொகுதியை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு வேண்டும். காட்சிக்கு முன்னும் பின்னும் ஆசிரியர் வினாக்களை எழுப்பி மாணவரைப் பேசச்செய்ய வேண்டும். அவ்வாறன்றி அமையும் காட்சி, திருவிழாவில் கண்ட வேடிக்கையாக ஒரே நாளில் மறைந்துபோகும்.

வானிலிருந்து ஊரைக் காணல்

மெய்நிகர்க் காட்சிகளுள் கரிசல் நிலத்து மாணவர்க்கு மிகவும் பயன்தருவது, வானிலிருந்து தம் ஊரையே காணும் காட்சியாகும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009இல் தொடங்கிய 'புவன்' இணையத்தளம் செயற்கைக்கோள் படங்களைப் பொதுமக்கள் காண வழிசெய்துள்ளது. கோடையில் வெளிறியும், மழைக்குப்பின் பசுமை போர்த்தும் நிலம் மாறுவதை மாணவர் உயரத்திலிருந்து ஒப்பிட்டுக் காணலாம். ஒரு கண்மாய் நிறைந்து அடுத்த கண்மாய்க்கு நீர் செல்லும் வழியையும், அவ்வழி எங்கே தூர்ந்தும் சீமைக்கருவேல் மண்டியும் கிடக்கிறது என்பதையும் ஆராயலாம். தரையில் நடந்தால் ஒவ்வொரு கண்மாயும் தனித்தனி ஊருக்கு உரியதாகத் தோன்றும். மேலிருந்து நோக்கினால் அவை ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது விளங்கும். விண்வெளி வீரர் அடைந்த முழுநோக்கின் சிறுவடிவம் இதுவே.

நாகலாபுரத்துக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், 'பாரத தேசம்' என்னும் பாடலில் நிலவுலகின் தன்மையை ஆராயும் அறிவை விரும்பினார். அதனோடு சேர்த்தே தெருவைத் தூய்மை செய்யும் கலையையும் கற்கச் சொன்னார். வானையும் வீதியையும் ஒரே மூச்சில் எண்ணிய அந்த உள்ளம், இத்தொழில்நுட்பத்தைக் கையாள்வோர்க்கு வழிகாட்டுவதாகும்.

எல்லையறிந்து பயன்படுத்துதல்

மெய்நிகர் உண்மை கண்ணையும் காதையும் நம்பவைக்குமே அன்றி, உடலை எடையற்றதாக்காது. கண்கள் மிதப்பதாகக் கூற, உட்செவியின் சமநிலை உறுப்பு அமர்ந்திருப்பதாகக் கூறுவதாலேயே சிலர்க்குத் தலைசுற்றுகிறது. ஆதலால், அமர்ந்தநிலையில் சில நிமிடங்களே காண்பது நன்று. மயக்கம் தோன்றின் உடனே கருவியைக் கழற்றிவிட வேண்டும். மேலும், கருவியை அணிந்தவர் தனியராகிவிடுகிறார். கண்டதைப் பிறரோடு பகிரும்போதே அந்த அனுபவம் முழுமை பெறுகிறது.

மெய்நிகர் வானம் மெய்யான வானத்திற்கு மாற்றும் அன்று. மேகமற்ற இரவில், மின்னொளி குறைந்த கரிசல் காட்டின் அகன்ற வெளியில் விண்மீன்கள் செறிந்து தோன்றும் காட்சி, பெருநகர மாணவர்க்குக் கிட்டாத செல்வமாகும். அதனை அண்ணாந்து நோக்கும் பழக்கமும், கருவியின் வழியே மண்ணைக் குனிந்து நோக்கும் பயிற்சியும் இணையவேண்டும்.

சென்றவரைப்போல எடுத்துரைத்த அறிஞரைச் சங்கப்பாடல் காட்டியது. சென்றவரைப்போலக் காணும் வாய்ப்பை இன்றைய தொழில்நுட்பம் தருகிறது. அவ்வாய்ப்பு நகரத்தின் அரங்குகளில் நின்றுவிடாமல் நாகலாபுரத்து வகுப்பறைக்கும் வரும்போதே, விண்ணகம் யாவர்க்கும் பொது என்னும் சொல் பொருளுடையதாகும்.

கலைச்சொற்கள்

வெர்ச்சுவல் ரியாலிட்டி – மெய்நிகர் உண்மை
சென்சார் – உணரி
லென்ஸ் – வில்லை
ஸ்பேஸ் ஸ்டேஷன் – விண்வெளி நிலையம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்நிலைகளைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டு, நீர்வழிகளை வரைபடமாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
2. விண்வெளி நிலையத்திலிருந்து புவியைக் காணும் ஒருவர் தம் ஊருக்கு எழுதும் மடலைக் கற்பனையாக எழுதுக.
3. 'மெய்நிகர் அனுபவம் நேரடி அனுபவத்திற்கு ஈடாகுமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.