உட்கார்ந்த வேலையும் எழுந்திருக்கும் பலமும்

சிவகாசி

அன்பு மருமகளுக்கு,

அம்மாச்சிக்கு நடைப்பயிற்சி மெஷின் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தாய். முதல் சம்பளத்தில் அவள் நினைப்பு வந்திருக்கிறதே, அதுவே பெரிது. ஆனால் மெஷின் வேண்டாம். நம் வீட்டில் அதன் மேல் துணிதான் காயும் என்பது ஒரு பக்கம். 82 வயதில் அவளுக்கு வந்திருக்கும் தொல்லைக்கு அந்த மெஷின் உதவாது என்பது இன்னொரு பக்கம். சமதரையில் அவள் நன்றாகவே நடக்கிறாள். தரையில் உட்கார்ந்தால்தான் எழுந்திருக்கச் சிரமம். சமீபம் வரை, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் தொடையை அழுத்தி, முருகனையும் மாரியாத்தாவையும் கூப்பிட்டு, இரண்டாவது முயற்சியில்தான் எழுவாள். பல நேரம் அதற்குள் நாங்கள் யாராவது ஓடிப்போய்த் தூக்கிவிடுவோம். நான் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

இந்த ஊரில் "நாங்க உழைச்ச உடம்பு, எங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்" என்று கேட்காத வயசாளி கிடையாது. அதில் பாதி உண்மை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள்முதல் சிவகாசி கையால் பிழைக்கிற ஊர். அம்மாச்சி பாவாடை கட்டிய வயசிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். (அந்த அநியாயத்தைப் பேச ஆரம்பித்தால் கடிதம் வேறு திசைக்குப் போய்விடும்.) கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே பெட்டி ஒட்டினாள், பிற்பாடு சரவெடி பின்னினாள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, முன்னால் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் விரல்கள் மட்டும் ஓடும். அட்டையில் பசையை ஒரு இழுப்பு, மடிப்பில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஒட்டியதைப் பக்கத்தில் எறிவது, அடுத்தது. பேச்சும் நடக்கும், சீரியலும் ஓடும், குரோஸ் குரோஸாகப் பெட்டியும் குவியும்.

அந்த நேரம் முழுக்க விரலும் தோளும் கழுத்தும் உழைத்தன. தொடையும் இடுப்பும் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. நம் கரிசல் காட்டில் களையெடுத்து, விறகு சுமந்து, குடம் தூக்கி வந்த பெண்களின் உழைப்பும் இதுவும் கூலிக்கு ஒன்றாகலாம், காலுக்கு ஒன்றாகாது. இதை நான் சொன்னால் அம்மாச்சிக்குக் கோபம் வருகிறது. வாழ்நாளெல்லாம் உழைத்ததைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறானே என்று. நான் சொல்வது அதில்லை. களைப்பு வேறு, பலம் வேறு. சாயங்காலம் முதுகு ஒடிகிற அளவுக்கு உழைத்த உடம்பிலும் தொடை மெலிந்து கிடக்கலாம்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. காற்று மாசையும் குப்பையையும் நினைத்தால் தடைக்கு நியாயம் உண்டு. ஆனால் வெடி பின்னியே பழகிய அறுபது வயதுக்காரிகளுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? உட்கார்ந்து வேலை செய்தவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்தார்கள். கால் மட்டுமே சும்மா இருந்தது போய்க் கையும் சும்மா இருக்கிறது.

வயசானால் தசை கரையும். நடுவயதில் மெல்லத் தொடங்குவது அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கும். நாற்காலியிலிருந்து எழுப்புவதும், படியேற்றுவதும், கால் தடுக்கினால் விழாமல் நிறுத்துவதும் தொடையும் புட்டமும்தான். அவை மெலிந்தால் நடை இருந்தும் பயனில்லை. "இனிமே எங்க பலம் வரப்போகுது" என்பவர்களுக்கு 1990-லேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் தொண்ணூறை ஒட்டிய 10 பேரைச் சேர்த்து, மருத்துவர்களின் கண்காணிப்பில், 8 வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார். ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். மிச்சம் 9 பேருக்கும் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பு இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் பங்கு. தொண்ணூறில் வருவது 82-இல் வராதா?

அம்மாச்சியின் பலத்தை அளக்க ஆஸ்பத்திரி வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறாள் என்று எண்ணினால் போதும். அவள் வயதுப் பெண்ணுக்கு 9-க்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்பது அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் வைத்திருக்கும் அளவு. இன்னொன்று ஒற்றைக்காலில் 10 வினாடி நிற்பது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை நிற்கச் சொல்லிப் பார்த்து, பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2022-இல் வெளியான முடிவுப்படி, நிற்க முடியாதவர்களிடம் மரண ஆபத்து 84 சதவீதம் அதிகமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஒற்றைக்காலில் நிற்காததால் யாரும் சாவதில்லை. கண், காது, நரம்பு, தசை, சர்க்கரை என்று உள்ளே இருக்கிற பல கோளாறு அந்தக் காலில் தெரிகிறது. இந்த இரண்டையும் செய்து பார்க்கும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அது கட்டாயம்.

இப்போது வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். காலைக் காப்பிக்குப் பிறகு அதே நாற்காலி. "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே எழுந்து உட்காருவாள். ஒன்று என்று தொடங்க மாட்டாள், கடைக்காரர் மகளாயிற்றே. ஆரம்பத்தில் தொடையில் கையூன்றித்தான் எழுந்தாள், அதுவும் பரவாயில்லை. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் தூக்குவது. நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது மூட்டுவலிக்கு நல்லது. வலி அதிகமானால் நிறுத்து, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் தொடர். அவ்வளவுதான் விதி. மூட்டு தேய்ந்தவர்களைச் சம்மணம் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது தப்பு. சம்மணமே சஞ்சீவி என்று பேசுகிறவர்கள் மூட்டு தேயாதவர்கள்.

நடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 65-க்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி நடமாட்டம், 2 நாளாவது தசைக்குப் பயிற்சி, 3 நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்திருக்கிறது. நம் ஊரில் முதலாவது எல்லாருக்கும் தெரியும், மற்ற இரண்டும் காதில் விழுந்ததே இல்லை. நடையும் வெயிலுக்கு முன்னால். பங்குனி பிறந்தால் 7 மணிக்கு மேல் நம் தார்ச்சாலையில் வயசானவர்கள் நடப்பது வீம்பு.

திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் நல்ல இடம். குன்றுக்கோயில், படி ஏற வேண்டும். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, தொடைக்கு வேலை வைத்த மாதிரியும் ஆச்சு. வருஷமெல்லாம் கட்டிலில் கிடந்துவிட்டு ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்கள், ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது. பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனியிலாவது படியேறிப் பழகலாமே என்கிறேன்.

கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டி ஆசனம் போடுகிற வீடியோவை நீ குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாய். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கியவர், 2019-இல் 99 வயதில் காலமானார். அபூர்வமான மனுஷி. ஆனால் அவர் சிறு வயதிலிருந்தே யோகா செய்தவர். அதைப் பார்த்து அம்மாச்சி "அதெல்லாம் நமக்கு ஆகுமா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். உற்சாகப்படுத்த அனுப்பியது சோர்வைக் கொடுத்தது. எதிர்வீட்டுக்காரி இரண்டு மாடி ஏறினாள் என்றால் அதுதான் இவளுக்கு உறைக்கும்.

சாப்பாட்டில் என் சண்டை ராத்திரிச் சாப்பாட்டோடு. "ஜீரணமாகாது" என்று இரண்டு இட்லி, கொஞ்சம் சீனி. தசைக்கு அதில் என்ன இருக்கிறது? அவள் எடை 50 கிலோ. அந்த எடைக்கு நாளைக்கு 50 கிராமாவது புரதம் போக வேண்டும் என்று முதியோர் மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் கிட்டத்தட்ட அதே அளவு. காய்ந்த பாசிப்பயறு 100 கிராமில் 24 கிராம். பயறும் துவரையும் விளைகிற கரிசலில் இருந்துகொண்டு கிழவிகள் ரசஞ்சோற்றில் வாடுவது கொடுமை. காலையில் ஒரு முட்டை, நாலு மணிக்குச் சுண்டல், ராத்திரி பயறு தோசை என்று மாற்றியிருக்கிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும். சாத்தூர்ச் சேவு இன்னும் அவள் தலைமாட்டில் இருக்கிறது. பிரஷர் உப்பில் ஏறும் என்று சொல்லிப் பாதியாகக் குறைத்தாயிற்று. விருதுநகர் போகிறபோது பொரிச்ச பரோட்டா ஒன்று கேட்பாள். கொடுக்கிறேன்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விழுவதைப் பற்றிப் பேச முடியாது. கண்புரை வந்தவர்களுக்குக் கடைசிப் படி எங்கே முடிகிறது, ஈரத்தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இந்த விஷயத்தில் நம் கரிசல் மண்ணுக்கே ஒரு பெருமை உண்டு. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, இளவயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் கத்தி பிடிக்கத் தன்னைத்தானே பழக்கி, ஆயிரக்கணக்கான கண்புரை அறுவைகள் செய்தார். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற 1976-இல்தான் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நம் ஊரில் பாதிப்பேர் சாய்வு நாற்காலி வாங்குகிற வயசு அது. 2006-இல் அவர் மறைந்தபோது அது உலகம் வந்து பார்த்துப் படிக்கிற இடமாகியிருந்தது. அம்மாச்சிக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள், சுவரில் இருக்கிற ஒட்டடையைக் காட்டி உன் அத்தையிடம் கேள்வி கேட்டாள்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கு வந்து பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எங்கள் தெருவில் குறைவு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து விசுக்கென்று எழக்கூடாது. கட்டிலோரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, காலை நாலு தடவை ஆட்டிவிட்டு எழ வேண்டும். ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் சின்ன விளக்கு, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி. கம்பி வைக்கக் கொத்தனாருக்கு அரைநாள் வேலைகூட இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் வீடே படுத்துவிடும்.

இனி உன்னிடம் ஒரு வேண்டுகோள். லீவுக்கு வரும்போதெல்லாம் "நீங்க சும்மா உட்காருங்க அம்மாச்சி, நான் பாத்துக்கிறேன்" என்று குடத்தையும் விளக்குமாற்றையும் அவள் கையிலிருந்து பிடுங்குகிறாய். உன் அம்மாவும் அப்படித்தான். நாங்களும் தூக்கிவிட ஓடினோமே, அதுவும் இதே கணக்குத்தான். மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம் என்றோம், கோலம் வேண்டாம் என்றோம், மொட்டைமாடியில் வடகம் காயப்போட வேண்டாம் என்றோம். பாசத்தில்தான் செய்தோம். தீப்பெட்டி ஆபீசு அவள் கால்களுக்குக் கொடுக்காத வேலையை இந்த வீடாவது கொடுத்திருக்கலாம். இப்போது அரைக்குடம் தண்ணீர் அவள்தான் எடுக்கிறாள். காய் வாங்க என்னோடு வருகிறாள், விலை பேசுவதும் அவள்தான். கீழே உட்கார்ந்தால் நான் பக்கத்தில் நிற்கிறேன், கை கொடுப்பதில்லை. மண்டிபோட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, நாற்காலியைப் பிடித்து அவளே எழுகிறாள். நேரமாகிறது. ஆகட்டும்.

தீபாவளிக்கு வரும்போது அவளுக்குச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வா. பின்னால் வார் இருக்கிறதாக, அடியில் வழுக்காத ரப்பர் போட்டதாக. அளவு 6. பளபளப்பு வேண்டாம் என்று அவளே சொல்லச் சொன்னாள். இரண்டாவது கண்ணுக்குத் தை மாசம் தேதி கேட்டிருக்கிறோம். கூட இருக்க இரண்டு நாள் லீவு இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
மாமா