பனியனுக்கு அளவு உண்டு... சாப்பாட்டுக்கு?

திருப்பூர்க்காரர்களுக்கு அளவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. 75, 80, 85, 90 என்று சென்டிமீட்டர் கணக்கில் பனியன் வெட்டுகிற ஊர் இது. அளவு கொஞ்சம் மாறினாலும் பீஸ் 'ரிஜெக்ட்' ஆகிவிடும் என்று கட்டிங் மாஸ்டரிலிருந்து செக்கிங் பெண்கள் வரை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அதே ஊரில், வீட்டுச் சாப்பாடு மட்டும் 'ஃப்ரீ சைஸ்'! 3 வயதுப் பேரனுக்கும், 15 வயதுப் பெண்ணுக்கும், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் அப்பாவுக்கும், 70 வயது அப்புச்சிக்கும் ஒரே சோறு, ஒரே ரசம். ''என்னங்க வைத்தியரே, ஆளுக்கு ஒரு அடுப்பு வைக்கச் சொல்றீங்களா?'' என்று கேட்காதீர்கள். அடுப்பு ஒன்றே போதும். தட்டில் போடுவதைத்தான் ஆளுக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாற்ற வேண்டும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏழு தாதுக்கள்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம் ஏழு உடற்தாதுக்கள். சாப்பிட்ட சாப்பாடு முதலில் சாரம் ஆகிறது. சாரத்திலிருந்து செந்நீர் என்னும் ரத்தம், பிறகு ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, கடைசியாகச் சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்று ஒன்றிலிருந்து ஒன்று வளர்கிறது. நூல் சரியில்லை என்றால் துணியும் சரியிருக்காது, துணி சரியில்லை என்றால் பனியனும் சரியிருக்காது இல்லையா? அதே கதைதான்.

இன்றைய ஊட்டச்சத்து அறிவியல் இதை வேறு பாஷையில், கணக்கோடு சொல்கிறது. இரும்புச்சத்தை மட்டும் எடுத்துக் கொள்வோம். ஐ.சி.எம்.ஆர்., ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோடு சேர்ந்து 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு வளர்ந்த ஆணுக்கு 19 மில்லிகிராம் வேண்டும். பெண்ணுக்கு 29. 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கோ 32!

கவனித்தீர்களா? வீட்டிலேயே அதிகமாக இரும்புச்சத்து தேவைப்படுவது டீன் ஏஜ் பெண்ணுக்கும் அம்மாவுக்கும்தான். நம் வீடுகளில் கடைசியாக, மிச்சம் மீதியைச் சாப்பிடுவது யார்? அதே அம்மாதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இது ஏழை வீட்டுப் பிரச்னை மட்டும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். கார் நிற்கிற வீட்டிலிருந்தும் வெளுத்த முகத்தோடு என்னிடம் வருகிறார்கள்.

6 மாதம் முதல் 5 வயது வரை

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு ராகிக் கூழ், குழைய வேகவைத்து மசித்த பருப்பு சாதம், வேகவைத்த முட்டை என்று ஒவ்வொன்றாக ஆரம்பியுங்கள். குழந்தையின் வயிறு சின்னது. ஆனால் வளர்ச்சி வேகம் பெரியது. அதனால் தண்ணீராகக் கரைத்துக் கொடுக்காமல் கெட்டியாகக் கொடுங்கள். ஊத்துக்குளி வெண்ணெயைக் காய்ச்சிய நெய் ஒரு சின்ன ஸ்பூன் சேர்த்தால் சக்தி கூடும்.

ஒரு எச்சரிக்கை. நாக்கில் தேன் தடவுவது நம் பக்கத்தில் வழக்கம். ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் நரம்பு மண்டலத்தையே பாதித்துவிடும். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்!

பள்ளிக்கூட வயது

சனிக்கிழமை சம்பளம் வந்தால் பேக்கரி பையோடு வீட்டுக்கு வருவது நம் ஊர் அப்பாக்களின் பாசம். அந்தப் பையில் இருப்பது பெரும்பாலும் மைதா, சர்க்கரை, வனஸ்பதி. வாரம் ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் மாலையில் பன்னும் பப்ஸும் என்றால் அங்கேதான் தகராறு. அதற்குப் பதில் வேகவைத்த நிலக்கடலை, எள்ளுருண்டை, பச்சைப்பயறு சுண்டல், கொய்யாப்பழம் கொடுங்கள். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது.

இந்த வயதில் தினமும் ஒரு மணி நேரமாவது வேர்க்க வேர்க்க ஓடி ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டியூஷன், டியூஷன் என்று விளையாட்டைப் பிடுங்கி விடாதீர்கள்.

பருவ வயது

எலும்பில் சுண்ணாம்புச்சத்தைச் சேமிக்கும் காலம் இது. இந்தச் சேமிப்புக் கணக்கு கிட்டத்தட்ட 30 வயதுக்குள் முடிந்துவிடும். பிறகு எடுக்கத்தான் முடியும், பெரிதாகப் போட முடியாது. தினமும் 1,000 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் எள்ளில் 1,200-க்கும் மேல். பால், தயிர், மோர், கீரை எல்லாம் சேர்ந்தால் கணக்கு சரியாகும்.

பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் ரத்தம் போகிறது. பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். ''மலம் கறுப்பாப் போகுதுங்க, பயந்து தூக்கிப் போட்டுட்டேன்'' என்று சொல்லும் பெண்கள் உண்டு. பயப்படாதீர்கள். இரும்புச்சத்து சாப்பிட்டால் அப்படிப் போவது சகஜம். சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு போட்டுக் கொள்ளலாம். டீயோடு மட்டும் கூடாது. அதோடு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்தும் கொடுங்கள். கொக்கிப் புழு குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும்போது, நாம் எவ்வளவு சத்து கொடுத்தாலும் வீண்தான்.

20 முதல் 50 வரை: டீயும் பன்னும்

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதிய உணவை 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் ஆரம்பமானது. நல்லது. ஆனால் பிள்ளையை அனுப்பிவிட்டு எட்டரை மணி ஷிப்ட்டுக்கு ஓடும் அம்மாவின் காலை உணவைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

36 வயது அம்மா ஒருவர் வந்தார். சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட். கணக்கு வழக்கும் செக்கிங்கும் இவர் பொறுப்பு.

''மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுங்க. முடி கொட்டுது. எதைச் செய்யவும் தெம்பில்லை. ரத்தம் ஊற ஒரு லேகியம் கொடுங்க.''

''காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?''

''டீ குடிச்சேனுங்க.''

''அப்புறம்?''

''பதினோரு மணிக்கு ஒரு டீ, பன்னு. மத்தியானம் சோறு. உடனே ஒரு டீ குடிச்சாத்தானுங்க வேலை ஓடும்.''

லேகியம் கொடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. மாதவிலக்கு 8 நாள், கட்டி கட்டியாகப் போகிறது என்பதைக் கேட்ட பிறகுதான் சொன்னார். மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது. அதற்குச் சிகிச்சை, இரும்புச்சத்து மருந்து, சாப்பாட்டில் மாற்றம் மூன்றும் சேர்ந்து நான்கு மாதத்தில் 11-ஐத் தாண்டினார். குடத்தில் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன பிரயோஜனம்? ஆண்களுக்கு 13-க்குக் கீழே இறங்கினாலும் இப்படித்தான். மூலமா, குடல் புண்ணா என்று கண்டிப்பாகக் காரணம் தேட வேண்டும்.

டீயைக் குடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டீயில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் இருக்கும் இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இதற்கு நேர் எதிர். இவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்த்துவிடும்.

சின்ன யூனிட் நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 11 மணி இடைவேளையில் எலுமிச்சை பிழிந்த சுண்டலோ, மோர் ஊற்றிய கம்பங்கூழோ கொடுத்துப் பாருங்கள். டீயை 4 மணிக்கு வைத்துக் கொள்ளலாம். இன்னொன்று, பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். சிறுநீர்த் தாரையில் தொற்று வருவதற்கு இது ஒரு காரணம். சுத்தமான பாத்ரூமும் ஒரு மருந்துதான்!

கர்ப்பிணிகளுக்கு

'இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும்' என்று இரண்டு மடங்கு சோறு போடாதீர்கள். அளவை விடத் தரம்தான் முக்கியம். பருப்பு, முட்டை, பால், கீரை, பழம் கூடட்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் மருத்துவரோ தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால், ஏற்கெனவே ரத்தம் குறைந்த தாயின் உயிருக்கே ஆபத்து.

60-க்கு மேல்

''வயசானவங்களுக்கு ராத்திரி ரெண்டு இட்லி போதும்'' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பசி குறையலாம், புரதத் தேவை குறையாது. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 0.8 கிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் தசை கரையும். தசை கரைந்தால் தடுமாற்றம், விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவு, அப்புறம் படுக்கைதான். பல் இல்லையா? பயறு கடைசல், மசித்த கொள்ளுப்பருப்பு, முட்டை, தயிர் கொடுங்கள். ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள். உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

''நாள் பூரா நிக்கிறேனே, அது எக்ஸர்சைஸ் இல்லையா?''

இல்லை! செக்கிங் டேபிளில் நின்றே இருந்தால் காலில் நரம்பு சுருளும். பவர் டேபிளில் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். ஏ.சி. அறையில் போனோடு உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குத் தொப்பையும் சர்க்கரையும் வரும். மூச்சு கொஞ்சம் வேகமாகும்படி நடப்பதுதான் உடற்பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது 5 நாள், தினம் அரை மணி. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். பெரியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரலாம்.

ஒரே சட்டியில் எப்படி?

நம் கொங்கு நாட்டு 'அரிசியும் பருப்பும்' சாதத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். பருப்பைக் கொஞ்சம் கூடப் போட்டு, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை சேருங்கள். குழந்தைக்கு மசித்து நெய் விடுங்கள். பெண்ணுக்கும் அம்மாவுக்கும் எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் ஒரு முட்டையோ கொள்ளுச் சுண்டலோ வையுங்கள். சர்க்கரை உள்ள அப்பாவுக்குச் சாதம் பாதி, காய் இரண்டு பங்கு. அப்புச்சிக்குக் குழைவாக, ஒரு கிண்ணம் தயிரோடு. ஒரே சட்டி, நாலு அளவு!

வெறும் வெள்ளை அரிசி 100 கிராமில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூடக் கிடையாது. கம்பில் 6-க்கு மேல். வாரத்தில் இரண்டு நாளாவது கம்பஞ்சோறோ ராகிக் களியோ வீட்டுக்குத் திரும்பி வரட்டும். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்ப வேண்டாம். அதில் இரும்பு சுமார் 1 மில்லிகிராம்தான்.

எங்கள் மருத்துவத்தில் அன்னபேதி செந்தூரம் போன்ற நல்ல இரும்பு மருந்துகள் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பரிசோதனை முதலில், மருந்து பிறகு. பட்டம் பெற்று, பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டுமே கேட்டுச் சாப்பிடுங்கள்.

இந்த வாரம் இரண்டே வேலை செய்யுங்கள். ஒன்று, வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். இரண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சட்டியை நடுவில் வைத்து, அம்மாவையும் சேர்த்து எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். பரிமாறி முடித்து கடைசியாக உட்காருகிறவருக்கு எப்போதும் ரசமும் ஊறுகாயும்தான் மிஞ்சும்.